ஒன்பது நாள் வவுனியாப் பயணம்: பூனையைக் கொண்டுபோவதா, விட்டுப்போவதா?

மிருக வைத்தியர் பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் கணவரின் அண்ணன் மகளுக்கு வவுனியாவில் கல்யாணம். ஒன்பது நாள் தங்கிவர வேண்டும். உறவுக்காரர்களோடு சேர்ந்து வாடகை வேன் பேசியிருக்கிறார்கள். புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வீட்டில் ஐந்து வயதுக் கடுவன் பூனை ஒன்று (இங்கே மணி என்று வைத்துக்கொள்வோம்). கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தது, எடை ஐந்து கிலோவுக்குக் கிட்ட. இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை சிறுநீர் அடைத்து, டவுனில் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு எடுத்தார்கள்.

சகோதரியின் முன்னால் நான்கு யோசனைகள் இருக்கின்றன. அட்டைப் பெட்டியில் வைத்து, அரை பிரிட்டோன் (தடிமனுக்கும் அலர்ஜிக்கும் மனிதர் போடும் மாத்திரை) கொடுத்து வேனில் கொண்டுபோவது. உள்ளே பூட்டி, ஒன்பது நாளுக்கும் உலர் தீனியையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போவது. வெளியே விட்டுவிட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருக்கும் அக்காவைச் சோறு வைக்கச் சொல்வது. ஒரு மணித்தியாலத் தூரத்தில் வேறு தோட்டத்திலுள்ள அம்மா வீட்டில் விடுவது. "பூனை வீட்டைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது" என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். ஒன்பது வயது மகளோ மணி வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று நிற்கிறாள்.

சகோதரி,

நீண்ட கடிதத்தின் நடுவில், அதுவும் இதுவுமாக எழுதிக்கொண்டு போகும்போது, ஒரு வரியில் நீங்கள் சொன்ன விஷயம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது. மணிக்கு முன்பு ஒருமுறை சிறுநீர் அடைத்திருக்கிறது. உங்கள் நான்கு யோசனைகளையும் அதை வைத்தே எடைபோடுகிறேன்.

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியிருக்கும். பயம், இடமாற்றம், தெரியாத ஆட்கள், பழக்கமில்லாத தீனி, குறைவாகத் தண்ணீர் குடிப்பது, சிறுநீரை அடக்கி வைப்பது ஆகிய எதனாலும் சிறுநீர்ப்பையின் உட்சுவர் வீங்கலாம். அதிலிருந்து உதிரும் சளியும் சிறுநீரிலுள்ள மணல் போன்ற துகள்களும் சேர்ந்து அந்த ஒடுக்கத்தில் அடைப்பாக உட்காரும். ஒருமுறை அடைத்த பூனைக்கு மறுபடி அடைப்பது சாதாரணமாக நடப்பதுதான். முழுதாக அடைத்துவிட்டால் ஒரு நாளுக்குள் வாந்தியும் சோர்வும் தொடங்கும். வெளியேற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தைப் பாதிக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ஆகவே எங்கே விட்டாலும், எங்கே கொண்டுபோனாலும், காலையும் மாலையும் அவன் சிறுநீர் கழித்திருக்கிறானா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. பூனைக்குத் தன் வாசனை படிந்த இடம்தான் பெரிய தைரியம். புது இடத்தில் அது நிலைகொள்ள நாள் எடுக்கும். ஆனால் ஆளைப் பார்க்காது என்பது பிழை. வீட்டார் திடீரென்று இல்லாமல் போனால் சாப்பாட்டைக் குறைக்கிற பூனைகள் நிறைய. வீடு வேண்டும், ஓர் ஆளும் வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் இரண்டு யோசனைகளை இப்போதே தள்ளிவிடலாம்.

பூட்டிவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம். மணி இதுவரை வெளியே போய்த்தான் மண்ணைத் தோண்டி இருந்திருக்கிறான். கதவைப் பூட்டினால் முதல் இரண்டு நாளும் அடக்கிக்கொண்டு கிடப்பான். அடைப்புக்கு அதுவே வழி. குவித்து வைத்த உலர் தீனி நம்முடைய ஈரக் காற்றில் இரண்டு நாளில் நமத்துப் போகும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு மொய்க்கும். அவன் தொடாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து தனியாக ஒரு நோயை உண்டாக்கும். யாரும் வந்து பார்க்காமல் ஒரு பூனையை ஒரு நாளுக்கு மேல் விடக்கூடாது.

வெளியே விடுவதும் சரிவராது. தேயிலை மலைக்குள் காட்டுப் பன்றிக்கு வைக்கிற கம்பிக் கண்ணியில் சிறுத்தையே மாட்டிக்கொள்கிறது, பூனை எந்த மூலைக்கு? லயத்து நாய்கள் இருக்கின்றன, இரவில் நாயைத் தேடி லயம் வரை வருகிற சிறுத்தையும் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்று கண்டதும் மணி வழக்கத்தைவிடத் தூரம் அலைவான். தேயிலைச் செடிக்குள் போய் இருக்கிற பூனைக்குச் சிறுநீர் போகிறதா இல்லையா என்று அந்த அக்கா எப்படிப் பார்ப்பார்?

அம்மா வீடு கேட்க நல்ல யோசனையாகத் தெரியும். ஆனால் பயணமும் உண்டு, புது இடமும் உண்டு, நீங்களும் பக்கத்தில் இல்லை. மணி முன்பே அங்கே போய்ச் சில நாள் தங்கிப் பழகியிருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

மிஞ்சுவது இரண்டு: வேன், அல்லது நீங்கள் எழுதாத ஒரு வழி, உங்கள் வீட்டுக்குள்ளேயே அக்காவின் பொறுப்பில் விடுவது. என் தீர்ப்பு இரண்டாவதற்கே. இருந்தாலும் அக்கா முடியாது என்று சொல்லலாம், அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அதனால் வேன் விஷயத்தையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வேனில் கொண்டுபோவதென்றால்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று போகிற வழி, நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். மாத்தளை தாண்டும் வரை வளைவுகள். பூனைக்கும் வாந்தி வரும். வாயில் எச்சில் வடிந்தால், அடிக்கடி விழுங்கினால், அடித்தொண்டையில் கத்தினால் குமட்டுகிறது என்று அர்த்தம்.

அட்டைப் பெட்டி வேண்டாம். ஒருமுறை சிறுநீர் போனதும் அடி ஊறிப் பிய்ந்துவிடும், பயந்த பூனை அதைக் கிழித்துக்கொண்டு வேனுக்குள் பாயும். சாக்கு அதைவிட மோசம்: மூச்சு முட்டும், சூடேறும். மேல் மூடி தனியாகக் கழரும் கெட்டியான பிளாஸ்டிக் கூடை வாங்குங்கள். ஐந்து கிலோ பூனைக்கு நீளம் 50, அகலம் 33, உயரம் 33 சென்டிமீற்றர் அளவில் இருந்தால் நின்று திரும்பிப் படுக்க முடியும். அதைவிடப் பெரிதானால் வளைவுக்கு வளைவு உள்ளே சறுக்குவான்.

வாங்கிய அன்றே மேல் மூடியைக் கழற்றி, அடிப் பகுதியை மட்டும் அவன் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் வையுங்கள். உள்ளே அவன் படுத்த கம்பளித் துண்டு ஒன்று. சோற்றை அதற்குள்ளேயே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு மூடியை மாட்டுங்கள், சில நாள் கழித்துக் கதவு, அதையும் முதலில் ஒரு நிமிடம்தான் சாத்த வேண்டும். பிறகு தூக்கி நடப்பது, நிற்கிற வண்டிக்குள் வைப்பது, டவுன் வரை ஒரு சின்ன ஓட்டம். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் மறுபடி முதல் படிக்கே வர வேண்டியிருக்கும்.

பிரிட்டோன் கொடுக்காதீர்கள். அது தூக்கத்தைத் தரலாம், பயத்தைப் போக்காது. சில பூனைகள் அதைக் குடித்துவிட்டு இன்னும் துடிக்கும். மணியைப் பொறுத்தவரை இன்னொரு ஆபத்து, அந்த வகை மருந்து சிறுநீர் கழிப்பதையே தடைப்படுத்தக்கூடும். பயணப் பயத்துக்கு இப்போது நாங்கள் அதிகம் கொடுப்பது கபபென்டின். இந்த எடைக்குப் பொதுவாக 50 முதல் 100 மில்லிகிராம், புறப்பட இரண்டு மணித்தியாலத்துக்கு முன். அளவை உங்கள் மிருக வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் குறைக்க வேண்டிய மருந்து இது, முன்பு அடைத்த பூனைக்கு அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். பாமசியில் மனிதருக்கு விற்கும் 300 மில்லிகிராம் குளிசையை நீங்களாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தள்ளாடுவான், தூங்குவான், அது எதிர்பார்க்கிறதுதான். வாந்திக்கும் தனி மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள்.

புறப்படும் நாள் சாப்பாட்டை நான்கு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். கூடையின் அடியில் குழந்தை நப்கின் ஒன்றை விரித்து, மேலே கம்பளி. முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் அசையாமல் வைத்து, மூன்று பக்கம் மெல்லிய துணியால் மூடுங்கள். பின்பக்கச் சாமான் குவியலுக்குள் வைக்காதீர்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வேண்டாம். பூனை வருகிறது என்று சாரதியிடமும் கூட வருகிற உறவுகளிடமும் இப்போதே சொல்லுங்கள். புறப்படும்போது சொன்னால் வழியெல்லாம் மனக்கசப்பு. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வேனின் எல்லாக் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் கூடையைத் திறந்து தண்ணீரும் மண் தட்டும் காட்டுங்கள். பாதி வழியில் வேனை விட்டு ஓடிய பூனை கிடைப்பது அபூர்வம்.

தம்புள்ளையைத் தாண்டினால் காற்றே மாறிவிடும். மலைக் குளிரிலேயே வளர்ந்த பூனை. தேத்தண்ணி குடிக்க இறங்கும்போது அவனைப் பூட்டிய வேனுக்குள் விட்டுப் போகாதீர்கள், சில நிமிடத்திலேயே உள்ளே சூடு ஏறிவிடும். பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து இளைத்தால் அது அவசரம். நிழலில் நிறுத்தி, காதும் பாதமும் நனைத்து, காற்றுப் படவிட்டு வைத்தியரைத் தேடுங்கள். வழியில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருப்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

இத்தனையும் செய்து போய்ச் சேர்ந்தாலும் அங்கே இருப்பது கல்யாண வீடு. மேளம், வெடி, நாள் முழுதும் திறந்து கிடக்கிற கதவுகள், யார் யாரோ பிள்ளைகள். அவனுக்கென்று பூட்டக்கூடிய ஓர் அறை, சாவி உங்கள் கையில், இந்த இரண்டும் கிடைக்காது என்றால் கொண்டுபோகவே வேண்டாம். நான் வேனுக்கு எதிராக நிற்பதற்குப் பயணத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

வீட்டில் விடுவதென்றால்

இஸ்தோப்பை (முன் விறாந்தையை) அடைத்துக் கட்டிய அறை ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் உள் காம்பராவையும் அவனுக்கு விடுங்கள். ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள். எலிப் பாஷாணம் எங்காவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதைத் தின்று சாகிற எலியைப் பிடித்தாலும் பூனைக்கு ஆபத்து.

அடைபட்டு இருப்பதும் அவனுக்கு ஓர் அழுத்தம்தான். அதனால்தான் இந்த ஐந்து வாரத்தை வீணாக்கக் கூடாது. இன்றைக்கே மண் தட்டைத் தொடங்குங்கள். 50க்கு 40 சென்டிமீற்றர் அளவில், விளிம்பு ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாத பிளாஸ்டிக் பேசின் இரண்டு எடுங்கள். வெளியே அவன் வழக்கமாகத் தோண்டுகிற இடத்து மண்ணையே வெயிலில் காயவைத்து மூன்று நான்கு சென்டிமீற்றர் நிரப்புங்கள். வாசனை தெரிந்த மண் என்பதால் தானாகக் கால் வைப்பான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்த மணலைக் கலந்து முழுதும் மணலாக்குங்கள். ஒரு பேசின் வாசல் கதவுக்குப் பக்கத்தில், மற்றது தூர மூலையில். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் தொடமாட்டான். முதலில் இரவில் மட்டும் உள்ளே வைத்துப் பழக்குங்கள், அது சரிவந்த பிறகு பகலிலும்.

காய்ந்த மணல் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒழுங்காகச் சிறுநீர் போகிற பூனை ஒரு நாளில் இரண்டிலிருந்து நான்கு தடவை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு மணலை நனைக்கும். ஈரம் கருப்பாகத் தெரியும், தொட்டால் கட்டியாக எழும்பும். அதற்குப் பதிலாகச் சில்லறைக் காசு அளவில் சின்னச் சின்ன ஈரம் பல இடத்தில் தெரிந்தால், அல்லது தோண்டிய அடையாளம் மட்டும் இருந்து ஈரமே இல்லை என்றால், அது அடைப்பின் தொடக்கம்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். கருவாடும் டின் மீனும் கலந்த சோறு லயத்துப் பூனைகளின் வழக்கமான சாப்பாடு. மணிக்கு அது வேண்டாம். உப்பில்லாமல் அவித்த மீன் கொஞ்சம் கொடுக்கலாம். உலர் தீனி என்றால் ஒரு நாளைக்கு 55 முதல் 60 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். அவன் உடம்புக்குள் தண்ணீர் போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. தீனியின் வகையை மாற்றுவதென்றால் ஒரு வாரமாக, பழையதோடு கலந்து மாற்றுங்கள், போகிற வாரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். தண்ணீர்ச் சட்டி மூன்று, மூன்று இடத்தில். அடுப்பு எரியாத வீட்டில் டிசம்பர் இரவு நல்ல குளிராக இருக்கும், பக்கம் அடைத்த பெட்டி ஒன்றில் கம்பளி போட்டு உயரத்தில் வையுங்கள். உங்கள் மகள் போட்ட, கழுவாத சட்டை ஒன்றையும் அதில் போடுங்கள்.

அக்காவிடம் சொல்ல வேண்டியவை

அவர் கொழுந்துக்குப் போகிறவர். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்னும், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தும் என்று இரண்டு நேரம் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கால் மணித்தியாலம் போதும். சும்மா வந்து செய்துவிட்டுப் போகட்டும் என்று விடாதீர்கள், கூலி பேசிக் கொடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் அவரே சோறு வைத்துப் பழகட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

வட்ஸ்அப்பில் தினமும் இரண்டு படம் கேளுங்கள்: மணல் பேசின் ஒன்று, சாப்பிட்ட தட்டு ஒன்று. பூனையின் முகத்தைப் படம் எடுத்து அனுப்புவது மகளுக்குச் சந்தோஷம், ஆனால் உங்களுக்கு விஷயம் சொல்வது பேசின்தான். படம் எடுத்த பிறகே மணலைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்யும்போது கையுறை போடட்டும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். அவர் வீட்டில் கர்ப்பிணிகள் யாரும் இருந்தால் அந்த வேலையை அவர்கள் தொடக் கூடாது.

முக்கி முக்கி உட்காருவது, கத்துவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, இரத்தம் கலந்த ஈரம், வாந்தி: இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணெய் கொடுத்து ஒரு நாளைக் கடத்திவிடுகிறார்கள். அந்த ஒரு நாள்தான் காப்பாற்றக்கூடிய நாள். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், நிரம்பிய பை வெடிக்கலாம்.

பனடோல் பற்றி அவரிடம் தனியாக, அழுத்திச் சொல்லுங்கள். பூனை சோர்ந்து கிடந்தால் இரக்கப்பட்டு அரை மாத்திரை கரைத்து ஊற்றுகிற பழக்கம் நம்மிடையே உண்டு. அதிலுள்ள பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். முரசு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் எந்த மனித மருந்தும் வேண்டாம்.

ஒரு கவரில் இவற்றை வைத்துக் கொடுங்கள்: டவுன் மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம், கேட்டவுடன் வருகிற த்ரீவீல் சாரதியின் இலக்கம், செலவுக்குக் காசு, போன முறை செய்த சிகிச்சையின் துண்டு. கூடவே "நான் இல்லாத நேரத்தில் என் பூனைக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போடச் சம்மதிக்கிறேன்" என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம். உரிமையாளரைப் பிடிக்க முடியாமல் சிகிச்சை தள்ளிப்போகாமல் இருக்க அது உதவும். கூடை எந்த வழியிலும் வேண்டும், அக்கா அவனைத் தூக்கிப் போவது அதில்தான்.

இந்த வாரமே மணியை வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர்ச் சோதனை, சிறுநீரகத்துக்கு இரத்தச் சோதனை, நீர்வெறுப்பு ஊசி. ஊசி இதுவரை போடவே இல்லை என்றால் பாதுகாப்பு நிலைக்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும், இப்போது போட்டால்தான் நேரம் சரியாக இருக்கும். அக்காவைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஊசி போட்ட பூனையானாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தச் செலவும் உங்களுடையது என்று முன்பே சொல்லிவையுங்கள்.

மகளிடம் மணி பத்திரமாக இருப்பான் என்று வெறும் வார்த்தை சொன்னால் போதாது. அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மணல் பழக்கும் வேலையில் தினமும் எத்தனை ஈரம் என்று ஒரு கொப்பியில் குறிப்பது அவள் பொறுப்பாக இருக்கட்டும். வவுனியாவிலிருந்து அக்காவின் படங்களைப் பார்த்து அதே கொப்பியில் தொடர்வாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே முடியும், வித்தியாசம் ஏதும் வந்தால் உங்களுக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிடவும் கூடும்.

அக்கா மறுத்து, வேறு நம்பிக்கையான ஆளும் கிடைக்கவில்லை, அல்லது தங்கல் இரண்டு வாரத்தைத் தாண்டுகிறது, அல்லது நீங்கள் மட்டுமே கொடுக்கக்கூடிய தினசரி மருந்து ஏதாவது வைத்தியர் இப்போது தொடங்கிவிட்டார் என்றால் மேலே சொன்ன வேன் வழிக்குப் போங்கள், அதுவும் பூட்டக்கூடிய அறை உறுதியான பிறகு. ஐந்து வாரத்துக்குள் மணல் பழகவே இல்லை என்றாலும் எனக்கு எழுதுங்கள். அப்படியானால் உங்களில் ஒருவர் கல்யாணத்துக்கு முதல் நாள் தனியாகப் போய் மறுநாள் திரும்புவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

திரும்பி வந்ததும் உடனே வெளியே விடாதீர்கள். இரண்டு மூன்று நாள் அதே மணல், அதே தீனி. வீட்டில் ஆள் நிறைந்து சத்தம் கூடுவதும் அவனுக்கு ஒரு மாற்றம், அந்த நாட்களிலும் அடைப்பு வரலாம். கொப்பியை அந்த வாரம் முடியும் வரை மூட வேண்டாம்.